ஷிம் அடிச்சா எந்தப் பூட்டு நிக்கும்? சில தொங்குபூட்டுகள் பத்தி ஒரு ரிவ்யூ

பூட்டு வாங்குறப்ப முக்காவாசிப் பேர் பண்றது என்னன்னா, கையில தூக்கி வெயிட் பாப்போம், மேல இருக்குற கொண்டி எவ்ளோ தடினு பாப்போம், அட்டையில "ஹார்டண்ட் ஸ்டீல்"னு போட்டிருக்கானு பாப்போம், அவ்ளோதான், பில் போட்டுடுவோம். ஷிம்னு ஒரு மேட்டர் வர்றப்போ இந்த மூணுல ஒண்ணு கூட உதவாது. கொண்டி கட்டைவிரல் தடிக்கு இருந்தாலும் உள்ள அதப் புடிச்சிருக்குற லாட்ச் டிசைன் சரியில்லன்னா ரம்பமும் வேணாம் கட்டரும் வேணாம், மெல்லிசா ஒரு தகடு போதும். அதனால இந்த ரிவ்யூல வெட்டுறது, உடைக்கிறது, பிக் பண்றது (சாவி ஓட்டையில கம்பி விட்டுத் திறக்குறது) பத்தியெல்லாம் ரொம்ப போகல, ஷிம்முக்கு எந்த டிசைன் நிக்குது, எது படுத்துடுதுங்கறத வெச்சுதான் பேசப்போறேன்.

ஷிம்னா என்னனு தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். கொண்டி பூட்டோட பாடிக்குள்ள போற ஓட்டை இருக்குல்ல, அந்த ஓட்டைக்கும் கொண்டிக்கும் நடுவுல எப்பவுமே கொஞ்சூண்டு சந்து இருக்கும், இல்லன்னா கொண்டி ஏறி இறங்கவே செய்யாது. கொண்டியோட காலுல ஒரு காடி வெட்டியிருப்பாங்க, பூட்டுனதும் லாட்ச் அந்தக் காடியில வந்து உக்காந்துக்கும். அந்த சந்து வழியா மெல்லிசு தகடு ஒண்ண இறக்கி லாட்ச்ச காடியில இருந்து வெளிய தள்ளி விடுறதுதான் ஷிம் அடிக்கிறது. கூல்ட்ரிங்ஸ் கேனோட சுவர் கிட்டத்தட்ட 0.1 எம்எம்தான், அந்தத் தடிமன்ல ஒரு தகடு நுழைய இடம் இருந்தாலே பிரச்சனைதான்னு வெச்சுக்கங்க. இதுல கொடுமை என்னன்னா சாவி ஓட்டைய யாரும் தொடவே இல்ல, அப்போ உள்ள சாவி தூக்கி விடுற குட்டிக் கம்பி, அதாவது பின், 4 இருந்தா என்ன 7 இருந்தா என்ன, பிக் பண்றவன ஏமாத்துற ஸ்பூல் பின் போட்டா என்ன, எல்லாம் வேடிக்கை பாத்துட்டு நிக்கும்.

இது ஏன் நடக்குதுன்னா நம்ம வசதிக்காகத்தான். சாவி இல்லாம சும்மா அமுக்குனாலே க்ளிக்னு பூட்டிக்கிற பூட்டு இருக்குல்ல, அது வேலை செய்யணும்னா லாட்ச் தானா விலகி வழிவிடணும். அதுக்காக லாட்ச்சோட மேல்பக்கத்த சரிவா வெச்சிருப்பாங்க, கீழ்ப்பக்கம் தட்டையா இருக்கும், பின்னால ஒரு ஸ்பிரிங். கொண்டியோட நுனி மேல இருந்து இறங்கி சரிவுல மோதும், லாட்ச் பின்னால போகும், காடி நேருக்கு வந்ததும் ஸ்பிரிங் திரும்ப முன்னால தள்ளிடும். இப்போ ஷிம் எங்க இருந்து வருது? அதுவும் மேல இருந்துதான் வருது, அதே சரிவுலதான் மோதுது. தன்னத் தள்றது கொண்டியா தகடானு லாட்ச்சுக்கு எப்படித் தெரியும்.

அப்போ கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: பூட்டி முடிச்சதுக்கப்புறம் லாட்ச்சுக்குப் பின்னால நிக்கிறது ஸ்பிரிங்கா, இரும்பா? கதவுக்குப் பின்னால ஒரு ஆள் லேசா சாஞ்சுட்டு இருக்குறதுக்கும், குறுக்க கட்டை போட்டு வெச்சிருக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். கீழ வர்ற எல்லா மாடலையும் இந்த ஒரு கேள்விய வெச்சுதான் பாத்திருக்கேன்.

முதல்ல எல்லாருக்கும் பார்த்தாலே அடையாளம் தெரியுற மாஸ்டர் லாக் நம்பர் 3. தகடு தகடா அடுக்கி ரிவெட் அடிச்ச பாடி, 40 எம்எம் அகலம், 7 எம்எம் கொண்டி. இந்த அடுக்குத்தகடு ஐடியா 1920கள்ல வந்தது, மாஸ்டர் லாக்க ஆரம்பிச்ச ஹாரி சோரெஃப் கொண்டு வந்தது, அந்தக் காலத்துல ஸ்டாம்பிங் பண்ண மெல்லிசு ஓடு பூட்டுங்க ஒரு சுத்தியல் அடிக்கு உடைஞ்சிட்டு இருந்தப்போ இது பெரிய விஷயம், அதுல சந்தேகமே இல்ல. கொண்டியோட ரெண்டு கால்லயும் லாக் ஆகுது, அதனால நெம்பித் தூக்குறதுக்கு நல்லா தாங்கும். ஆனா ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குறது ஸ்பிரிங் லீவர், அதாவது பின்னால ஸ்பிரிங் நிக்கிற அதே லாட்ச் கதைதான். ரெண்டு பக்கம் லாக்குங்கறதால ஷிம் அடிக்கிறவனுக்கு ஒண்ணுக்கு ரெண்டு தகடு வேணும், வேலை கொஞ்சம் கூடும், அவ்ளோதான், அடிப்படை மாறல. பூட்டு ஆர்வலர்கள் புதுசா கத்துக்கிறப்போ முதல்ல எடுக்குற பூட்டு இதுங்கறதே ஒரு சர்டிபிகேட்தான். கார்டன் ஷெட், டூல்பாக்ஸ், சின்னப் பசங்க தொடக்கூடாதுன்னு வெக்கிற அலமாரி, இதுக்கெல்லாம் ஓகே. ஷிம் மார்க் கேட்டா 5க்கு 1, அந்த ஒண்ணும் ரெண்டு கால் லாக்குக்காக.

இங்க ஒரு துணுக்கு, ஸ்பிரிங் லாட்ச் பூட்டுக்கு ஷிம் மட்டும் எதிரி இல்ல. கொண்டிய இழுத்துப் புடிச்சுட்டு பாடிய பக்கவாட்டுல தட்டுனா அந்த அதிர்ச்சியில லாட்ச் ஸ்பிரிங்க அமுக்கிட்டு ஒரு நொடி விலகும், அந்த நொடியில கொண்டி வெளிய வந்துடும். வீடியோல பூட்ட சுத்தியலால டொக் டொக்னு தட்டித் திறக்குறாங்களே, அதுல மேஜிக் ஒண்ணும் இல்ல, இதேதான். பின்னால இருக்குறது ஸ்பிரிங்குங்கற அதே ஓட்டை, வேற வழியா உள்ள வர்றாங்க.

அடுத்தது பால் பேரிங் டைப், எனக்கு ரொம்பப் புடிச்ச டிசைன், அதனால இதப்பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க. கொண்டியோட ரெண்டு கால்லயும் உள்பக்கமா அரைவட்டக் காடி இருக்கும். ரெண்டு பேரிங் குண்டு, நல்லா கடினப்படுத்துன ஸ்டீல். ரெண்டு குண்டுக்கும் நடுவுல ஒரு உருளை மாதிரி துண்டு, ஆக்சுவேட்டர்னு சொல்வாங்க, அது முழு வட்டமா இருக்காது, ஒரு திசையில அகலம், இன்னொரு திசையில குண்டு உள்ள விழுற அளவுக்கு குழிவு. பூட்டியிருக்குறப்போ அகலமான பக்கம் ரெண்டு குண்டையும் வெளிய தள்ளி காடியில அழுத்தி வெச்சிருக்கும். சாவிய திருப்புனா ஆக்சுவேட்டர் சுத்தும், குழிவு குண்டுக்கு நேரா வரும், குண்டு உள்ள விழும், கொண்டி மேல எழும்பும்.

இப்போ ஷிம்ம இறக்குறான்னு வெச்சுக்கங்க. தகடு குண்டு வரைக்கும் போகலாம், குண்டத் தள்ளவும் தள்ளலாம், ஆனா குண்டு எங்க போகும்? பின்னால முழு இரும்பு நிக்குது. குண்ட நேரா அழுத்துனா அந்த அழுத்தம் ஆக்சுவேட்டரோட நடுப்பகுதிக்குத்தான் போகுது, அத சுத்த விடாது. இதுல அழகு என்னன்னா இந்த டிசைன்லயும் சாவி இல்லாம அமுக்கிப் பூட்டுற வசதி வெக்கலாம். ஆக்சுவேட்டருக்கு ஒரு முறுக்கு ஸ்பிரிங் குடுத்துடுவாங்க, கொண்டி திறந்திருக்குறப்போ கொண்டியோட முழுத்தடிமன் பகுதி குண்ட உள்ளயே வெச்சிருக்கும், கொண்டிய அமுக்கி காடி நேருக்கு வந்ததும் ஸ்பிரிங் ஆக்சுவேட்டர சுத்தி குண்ட வெளிய தள்ளிடும். ஆக ஸ்பிரிங் இருக்கு, ஆனா அது பூட்டுறதுக்கு மட்டும்தான், புடிச்சு வெச்சிருக்குறது இரும்பு. "அமுக்குனா பூட்டிக்கும்னா ஷிம்முக்கு திறக்கும்"னு பொத்தாம்பொதுவா சொல்றவங்க இத கவனிக்கிறது இல்ல.

அமெரிக்கன் லாக் 1100 பால் பேரிங்குக்கு நல்ல உதாரணம். கலர் கலரா அலுமினிய பாடி, 38 எம்எம், 6 எம்எம் கொண்டி, கையில எடுத்தா பொம்மை மாதிரி லேசா இருக்கும், வெயிட்ட வெச்சு மார்க் போடுறவங்க இத திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. ஆனா உள்ள பால் பேரிங், சிலிண்டர்ல (சாவி போற உருளை) பல்லு பல்லா வெட்டுன செரேட்டட் பின்னும் ஸ்பூல் பின்னும் கலந்து போட்டிருப்பாங்க, பிக் பண்ணக் கத்துக்கிறவங்களுக்கு இது ஒரு நல்ல தலைவலி. ஃபேக்டரில மெஷின் ரிப்பேர் நடக்குறப்போ யாரும் சுவிட்ச் போட்டுடக் கூடாதுன்னு மாட்டுற லாக்அவுட் பூட்டா இத நிறைய பாக்கலாம். ஷிம்முக்கு 5க்கு 5 குடுக்கலாம். வெட்டுறதுக்கு மட்டும் ரொம்ப எதிர்பாக்காதீங்க, 6 எம்எம் கொண்டி 6 எம்எம் கொண்டிதான், பெரிய போல்ட் கட்டருக்கு அது ஒரு வாய்.

அதே டிசைன், தடி கொண்டியோட வேணும்னா மாஸ்டரோட மேக்னம் வரிசை பாருங்க, எம்5ல எட்டுப்பட்டை கொண்டி, உள்ள ரெட்டை பால் பேரிங். வெளித்தோற்றத்துல நம்பர் 3ஓட அண்ணன் மாதிரிதான் தெரியும், அதே அடுக்குத்தகடு, அதே பேரு, ஆனா உள்ள வேற பூட்டு. ஒரே கம்பெனில ரெண்டு வகையும் இருக்குங்கறதாலதான் பேர வெச்சு முடிவு பண்ணாதீங்கனு சொல்றேன், மாடல் நம்பர பாத்து "பால் பேரிங்"னு எழுதியிருக்கானு தேடுங்க. "டூயல் லாக்கிங்"னு (ரெண்டு கால்லயும் லாக்) மட்டும் போட்டிருந்தா ஏமாறாதீங்க, ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் லாட்ச் இருந்தாலும் அது டூயல்தான்.

பால் பேரிங்குக்கு கெட்ட பக்கமே இல்லையானு கேட்டா, இருக்கு. அமுக்குனா பூட்டிக்கிற வகையில ஆக்சுவேட்டர் தனியா சுத்தியாகணும், ஏன்னா சாவி வெளிய இருக்குறப்போ சிலிண்டர் அசையாது. அப்போ சிலிண்டருக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவுல கொஞ்சம் லூசான இணைப்பு இருக்கும். சாவி ஓட்டை வழியா பின்னுங்களத் தொடாமலே நேரா அந்த ஆக்சுவேட்டரயே தொட முடிஞ்சா ஆட்டம் குளோஸ், இதுக்கு பைபாஸ்னு பேரு. இத தடுக்க சிலிண்டருக்குப் பின்னால ஒரு சின்ன தடுப்புத் தகடு வெச்சு அடைக்கிறாங்க. ஷிம் கதவ மூடுனா திருடன் அடுத்த கதவுக்குப் போறான், பூட்டு டிசைனோட மொத்தக் கதையும் இதுதான் போல.

இந்த பைபாஸ் பயமும் வேணாம்னா கீ ரிடெய்னிங் வகைக்குப் போகணும். அதாவது பூட்டு திறந்திருக்குறப்போ சாவி வெளிய வரவே வராது, கொண்டிய அமுக்கி சாவியத் திருப்பிப் பூட்டுனாதான் சாவி கைக்கு வரும். ஆக்சுவேட்டர் சிலிண்டரோட நேரா கோத்திருக்கும், தன்னிச்சையா அசையுற துண்டே இல்ல. ஆபுஸ் 83ல இத ரெண்டு விதமாவும் மாத்தி வெச்சுக்கலாம்கறது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். சாவிய உள்ளயே வெச்சு பூட்டிட்டு முழிக்கிற கதையும் இதுல இல்ல. ஆனா வசதி? ஒரே கேட்ட பத்து பேர் மாறி மாறி பூட்டுற இடத்துல இத மாட்டுனா சண்டைதான் வரும், சாவி இருக்குறவன் வர்ற வரைக்கும் பூட்டு திறந்தேதான் தொங்கும், திறந்து தொங்குற பூட்டுக்கு ஷிம் ப்ரூஃப் இருந்தா என்ன இல்லாட்டி என்ன. அந்த மாதிரி இடத்துக்கு அமுக்குற பால் பேரிங்தான் சரி.

அப்லாய் பிஎல் 330. 1907ல ஃபின்லாந்துல எமில் ஹென்றிக்சன் கண்டுபிடிச்ச சுழல் டிஸ்க் சிலிண்டர்தான் இந்தக் கம்பெனியோட அடிப்படை, பின்னும் இல்ல பின்னுக்கு ஸ்பிரிங்கும் இல்ல, டிஸ்க்க சாவியே ரெண்டு பக்கமும் திருப்பிக் கொண்டு வந்து வெக்கும். தூசி, பனி, குளிர்னு மோசமான இடத்துல இது தாக்குப் புடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம், சின்னச் சின்ன ஸ்பிரிங் இருந்தாத்தானே சிக்கும். 8 எம்எம் கொண்டி, கையில எடுத்து ஆட்டிப் பாத்தா ஒரு லொடலொடப்பு கூட கிடையாது. ஷிம் பத்தி இதுல தனியா சொல்ல ஒண்ணும் இல்ல, அந்தப் பேச்சே எழாது. குறைன்னா டூப்ளிகேட் சாவி நெனச்ச எடத்துல வெட்ட முடியாது, சைக்கிளுக்கும் சூட்கேஸுக்கும் இது ஓவர்.

வட்டமா டிஃபன் டப்பா மூடி மாதிரி இருக்குற டிஸ்க் பூட்டு பாத்திருப்பீங்க, ஆபுஸ் டிஸ்கஸ், 1949ல வந்த டிசைன். கொண்டி நேரா ஏறி இறங்காது, வட்டத்துக்குள்ளயே சறுக்கிப் போகும், அத நகத்துறதே சாவிதான். வெளிய தெரியுற கொண்டியும் துளியூண்டு, அதனால தகடு விடவும் கட்டர் வெக்கவும் இடம் கஷ்டம். நல்ல பூட்டு, சந்தேகமில்ல. அதே வடிவத்துல மலிவா நிறைய வருது, வடிவம் ஒண்ணா இருக்குறதால உள்ளயும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க.

காம்பினேஷன் பூட்டுக்கு வருவோம். ஸ்கூல் லாக்கர்ல தொங்குற டயல் பூட்டு, மாஸ்டர் 1500 வகையறா, 0ல இருந்து 39 வரைக்கும் நம்பர், மூணு நம்பர் சுத்தணும். கணக்குப்படி 64,000 வாய்ப்பு வருது, டாலரன்ஸும் (நம்பர் கொஞ்சம் தள்ளி நின்னாலும் பூட்டு ஏத்துக்கிறது) உள் அமைப்பும் சேர்ந்து அத நிறையவே குறைச்சுடும். பழைய டிசைன் சாதா ஸ்பிரிங் லாட்ச், அதுவும் ஒரே கால்ல மட்டும், ஷிம்முக்கு ஒரு தகடு போதும். இதுக்கு ரொம்ப வருஷம் கெட்ட பேரு வாங்கி, அப்புறம் லாட்ச்சுக்கு மறைப்பு குடுத்து ஆன்டி ஷிம்னு புது வெர்ஷன் விட்டாங்க. இப்போ வர்றத வாங்குறீங்கன்னா அட்டையில அந்த வார்த்தை இருக்கானு பாருங்க, எங்கயோ கிடந்த பழசுன்னா விட்டுடுங்க. ஷிம்ம அடைச்சாச்சு, நிம்மதியானு கேட்டா, 2015ல ஸாமி கம்கார்ங்கற ஆராய்ச்சியாளர் இந்த டயல் பூட்டுகளோட நம்பர 8 தடவைக்குள்ள கண்டுபிடிக்கிற வழிய வெளியிட்டார், கொண்டிய இழுத்துப் புடிச்சு டயல் எங்கெங்க சிக்குதுனு பாத்தே. ஜிம் லாக்கர்ல சட்டை துணி வெக்க பரவால்ல, லேப்டாப் வெக்கிறதுக்கு நான் நம்ப மாட்டேன்.

நாலு சக்கர நம்பர் பூட்டு, பேக் ஜிப்ல மாட்டுறது, இதுல ஷிம்ங்கற பேச்சு வேற மாதிரி வரும். சக்கரத்துக்கு பக்கத்துல இருக்குற சந்துல மெல்லிசு தகடு விட்டு உள்ள இருக்குற வெட்டு எங்கனு தடவிப் பாக்குறாங்க, லாட்ச்ச தள்றது இல்ல, நம்பரயே படிச்சுடுறது. சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுற அளவுக்கு சந்து இருந்தா அந்தப் பூட்டு ஜிப் தானா திறக்காம இருக்க மட்டும்தான்.

பேர் இல்லாத பித்தளைப் பூட்டுங்க பத்தி ஒரு வார்த்தை. எங்கிட்ட ஒண்ணு கிடந்தது, பளபளன்னு இருக்கும், கம்பெனி பேரு வேணாம். கொண்டிய புடிச்சு ஆட்டுனா ஓட்டைக்குள்ள தாராளமா ஆடும், காடி ஒரு கால்ல மட்டும், அதுவும் மேல் ஓரம் சரிவா வெட்டுனது. பூட்டத் திறக்காமலே தீர்ப்பு எழுதிடலாம். நல்ல கம்பெனில இதே ஸ்பிரிங் லாட்ச்ச வெச்சே ஷிம்ம கஷ்டப்படுத்துறாங்க: சந்த ரொம்ப டைட்டா வெக்கிறது, கொண்டி கால்ல குறுக்குக் கோடு வெட்டி தகடு அதுல மாட்டிக்கிற மாதிரி பண்றது, ஓட்டை வாய்ல ஒரு தடுப்பு குடுக்குறது. இதெல்லாம் நேரத்த இழுக்கும், நிறுத்தும்னு சொல்ல முடியாது. கொண்டிய சுத்தி தோள்பட்டை மாதிரி பாடிய உயர்த்துன பூட்டுங்களும் அப்படித்தான், அது முக்கியமா கட்டருக்குப் போட்டது, தகடு விடுற கைக்கு இடம் குறையுறது போனஸ்.

உங்ககிட்ட இப்போ இருக்குற பூட்டு எந்த வகைனு பாக்கணும்னா கழட்டவே வேணாம். திறந்துட்டு கொண்டியோட கால உள்பக்கமா பாருங்க. அரைவட்டமா ஸ்பூனால அள்ளுன மாதிரி காடி, ரெண்டு கால்லயும் இருந்தா பெரும்பாலும் பால் பேரிங். சதுரமா இல்ல வி மாதிரி வெட்டு இருந்தா, ஒரு கால்ல இருந்தாலும் ரெண்டு கால்லயும் இருந்தாலும், பெரும்பாலும் லாட்ச். ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சா குண்டோட பளபளப்பு தெரியும், லாட்ச்னா சரிவான ஒரு துண்டு எட்டிப்பாக்கும். ஒரு குச்சியால அந்தத் துண்ட அமுக்குங்க, மெத்துனு உள்ள போயிட்டு திரும்ப வந்தா விஷயம் தெரிஞ்சு போச்சு. குண்டு வகைல திறந்திருக்குறப்போ குண்டும் உள்ள போகும், அத வெச்சு குழம்பிடாதீங்க, அங்க கணக்கு பூட்டுனதுக்கப்புறம்தான்.

பால் பேரிங் வாங்குனவங்க ஒண்ணு மட்டும் பழகிக்கங்க. அமுக்குற வகைல மண்ணோ பழைய கிரீஸோ சேர்ந்துடுச்சுன்னா முறுக்கு ஸ்பிரிங்கால ஆக்சுவேட்டர முழுசா சுத்த முடியாம பாதில நிக்கலாம், வெளிய பாத்தா பூட்டுன மாதிரியே இருக்கும். க்ளிக் சத்தத்த நம்பாம பூட்டோட பாடிய ஒரு தடவ கீழ இழுத்துப் பாத்துட்டு நகருங்க. வெளிய மழைல தொங்குற பூட்டுன்னா அடியில தண்ணி வடியுற ஓட்டை இருக்குற மாடலா பாத்து வாங்குங்க, வருஷத்துல ரெண்டு மூணு தடவ லேசான லூப்ரிகண்ட் கொண்டி ஓட்டையிலயும் விடுங்க, சாவி ஓட்டையில மட்டும் விட்டா குண்டுக்குப் போய்ச் சேராது. கிராஃபைட் பவுடர் போட்டு பழக்கம்னா அதையே தொடருங்க, அது மேல ஆயில ஊத்துனா ரெண்டும் சேந்து களி மாதிரி ஆகி குண்டு அங்கயே ஒட்டிக்கும்.